குழந்தைகளின் குடலிறக்க அறுவை: கீறல் முறையும் நுண்துளை முறையும் – தஞ்சையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தஞ்சையின் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாம் சரபோஜி மன்னரிலிருந்தே (ஆட்சி: 1798–1832) தொடங்குவர். தன்வந்திரி மகாலும், சரபேந்திர வைத்திய முறைகளும், சரசுவதி மகாலில் காக்கப்பெறும் கண் மருத்துவக் குறிப்புகளும் அதற்குத் தக்க காரணங்கள். ஆயினும் கண்ணில் கருவி வைக்கத் துணிந்த அக்காலம், குழந்தையின் அடிவயிற்றைத் திறக்கத் துணியாத காலம். ஈதர் மயக்கம் 1846இல்தான் உலகறிய நிறுவப்பட்டது. லிஸ்டரின் கிருமித்தடுப்பு முறை வெளியானது 1867இல். விருத்தி நோய்கள் ஏழனுள் குடல் விதைப்பையில் இறங்குவதைத் தீராதது எனச் சுசுருத சங்கிதை ஒதுக்கியதும் இவ்வெல்லையை உணர்ந்தே எனலாம்.

குழந்தைக்கு வரும் கவட்டைக் குடலிறக்கம் முதியவர்க்கு வருவது போன்றதன்று. தசை நலிவு இங்குக் காரணமில்லை. கருவில் விதை இறங்கிய வழியிலுள்ள சவ்வுப்பை மூடாமல் நின்றுவிடுவதே காரணம். எனவே வலை பொருத்தத் தேவையில்லை. பையைப் பிரித்து மேல்முனையில் கட்டினால் போதும். கவட்டு மடிப்பில் சிறு கீறலிட்டு இதனைச் செய்வதே கீறல் முறை. விந்துக்குழலையும் குருதிக்குழாய்களையும் பையினின்று பிரிக்கும் நுட்பமே அதில் கடினமானது.

கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கால் என்பவர் பத்தாண்டுகளில் குழந்தைகளுக்குச் செய்த 8,988 புறநோயாளி அறுவைகளைப் பற்றி 1909இல் அறிவித்தார். அவற்றுள் குடலிறக்கமும் அடங்கும். குழந்தையைத் தாயிடமே அன்று ஒப்படைப்பது படுக்கையில் கிடத்துவதினும் நன்று என்பது அவர் துணிபு. ஏழைக் குடும்பங்களை நோக்கி எழுந்த இக்கருத்து, பிற்கால ஒப்பீடுகளில் போதிய இடம் பெறவில்லை.

மறுபக்கத்தையும் திறந்து பார்ப்பதா என்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும் வழக்கு. 1955இல் ரோத்தன்பர்க், பார்னெட் இருவரும் சிறு குழந்தைகளுக்கு இருபுறமும் அறுவை செய்யப் பரிந்துரைத்தனர். 1990களில் பரவிய நுண்துளை முறை அவ்வழக்கைப் புதுப்பித்தது. தொப்புளில் செலுத்திய ஒளிக்கருவி மறுபுறத் திறப்பைக் கீறாமலே காட்டிவிடுகிறது. காண்பதெல்லாம் நோயாவதில்லை என்பதே சிக்கல்: திறந்திருக்கும் பைகளுள் சிறுபகுதியே பின்னர்க் குடலிறக்கமாகின்றன. இருபுற நோயில் இம்முறை நேரத்தை மிச்சப்படுத்தும்; ஒருபுற நோயில் அந்த நன்மை தெளிவாக இல்லை. நோய் மீளும் வீதத்தில் பெரிய வேறுபாடில்லை என்றே பல ஒப்பாய்வுகள் கூறுகின்றன. ஆனால் வயிற்றில் கரியமில வாயு நிரப்ப வேண்டியிருப்பதால், பொதுவாக மூச்சுக்குழல் வழி முழு மயக்கம் தேவைப்படும். கருவிச் செலவும் மிகுதி.

காவிரிப் படுகைக்கு இவ்வொப்பீடு வேறு பொருள் தருகிறது. ராசா மிராசுதார் மருத்துவமனையும் 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் இங்குள்ள ஏழை உழவர் குடும்பங்களுக்கு அரணாக நின்றவை. நடவுக் காலத்தில் தாய் இழக்கும் கூலி நாள்கள் எத்தனை, குடல் சிக்கிக்கொண்ட பின்னர் வந்த குழந்தைகள் எத்தனை பேர் என்பனவற்றைத் தழும்பின் நீளத்துக்கு முன்னதாகக் கணக்கிடுதல் வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்குச் சிக்கும் ஆபத்து மிகுதியாதலால், எம்முறை என்பதினும் எப்போது என்பதே அவர்தம் வினா.