கேரியரைப் பிடித்த கை

சைக்கிளைத் தனியாகக் கற்றுக்கொண்ட ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நீச்சலைக் கிணற்றில் விழுந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. சைக்கிளுக்குப் பின்னால் மட்டும் கட்டாயம் யாராவது ஓடிவந்திருப்பார்கள். அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுப் பையன். "புடிச்சிருக்கேன், நேராப் பாரு, கீழ பாக்காத" என்று சொல்லிக்கொண்டே கேரியரிலிருந்து கையை எடுத்திருப்பார்கள். சைக்கிளின் வரலாறு என்று தேடினால் 1885ல் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டி வரும், 1888ல் டன்லப்பின் காற்று டயர் வரும். பின்னால் ஓடிவந்த அந்தக் கை எங்கேயும் வராது. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

தாம்பரத்திலிருந்து தொடங்கலாம். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. ஆனால் ரயில் வந்தது ஸ்டேஷன் வரைக்கும்தான். கிழக்குப் பக்கம் இறங்கி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் என்று போக வேண்டியவர்களுக்கு மீதி தூரம் காலில், இல்லாவிட்டால் சைக்கிளில். மாடம்பாக்கம் அப்போது சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் வயல்களுமாக இருந்த ஊர். அங்கிருந்து ஸ்டேஷன் ஐந்தாறு கிலோமீட்டர். 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது மாடம்பாக்கமும் அதற்குள் போய்விட்டது. ஆனால் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஐந்தாறு கிலோமீட்டர் எங்கேயும் போகவில்லை. புறநகர் என்பதே இந்த மீதி தூரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து தள்ளியபோதும், சொந்த சைக்கிள் என்பது ரொம்ப காலம் பெரிய விஷயம். பாதிப் பேருக்கு வாடகை சைக்கிள்தான். மட்கார்டில் பெயின்டில் எழுதிய நம்பர், கடைக்காரரின் நீளமான நோட்டு, பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம். டெபாசிட், அடையாள அட்டை எதுவும் கிடையாது. கடைக்காரருக்கு உங்களைத் தெரியணும், அல்லது உங்களைத் தெரிந்த ஒருவரை அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான். புது ஊருக்கு வந்தவன் முதலில் தேடுவது வாடகை வீட்டை. இரண்டாவதாக, சைக்கிள் கடையில் "நம்ம பையன்தான், குடுங்க" என்று சொல்ல ஓர் ஆளை. எவ்வளவு வண்டிகள் இருந்தன என்பதைவிட, அந்த நோட்டில் எத்தனை பேருக்கு யார் யார் ஜாமீன் சொன்னார்கள் என்பதை வைத்தே ஓர் ஊரின் வரலாற்றை எழுதிவிடலாம். அந்த நோட்டுகளை யாரும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை.

அந்த நோட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பெயரும் ஆண் பெயர். கால் எட்டாத வயதில் பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்த குரங்கு பெடல் நினைவுகள் தமிழில் ஏராளம். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதை அப்படி ஒன்று. அது 2024ல் 'குரங்கு பெடல்' என்று படமாகவும் வந்தது. எல்லாமே இனிமையான நினைவுகள், எல்லாமே பையன்களின் நினைவுகள். அதே தெருவில் இருந்த அக்காக்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் "தண்ணிக்குப் போயிருப்பாங்க."

தண்ணிக்குப் போனவர்கள் சைக்கிள் ஏறிய கதை நடந்த இடம் புதுக்கோட்டை. தாம்பரத்திலிருந்து அதே தெற்கு ரயில் பாதையில் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும்.

1988ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990ல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகத்தில் 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். மழையை நம்பிய விவசாயம், கல் குவாரிகள், விவசாயக் கூலி வேலை என்று இருந்த மாவட்டம். கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கற்றுக்கொடுக்க வருகிற தொண்டர்களிலும் நிறையப் பெண்கள். வகுப்பு நடப்பதோ வேலை முடிந்த பிறகு, ராத்திரியில். பஸ் எப்போதாவது வரும். ஒரு பெண் தொண்டர் அடுத்த கிராமத்துக்குப் போக வேண்டுமென்றால் அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விடணும். அவர்களுக்கு மனசு இல்லாவிட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை. ஆக, எழுத்தறிவுப் பாடத்திட்டத்தில் சைக்கிளும் சேர்ந்தது. எழுத்து எப்படியோ அப்படி சைக்கிளும் பாடத்தில் ஒரு பகுதி. இன்றைக்கு யோசித்தாலும் விசித்திரமாகவும் ரொம்ப சரியாகவும் இருக்கிற முடிவு.

முதலில் பெண் தொண்டர்கள் கற்றார்கள், பிறகு அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ரத்தினக்கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர், ஆசிரியைகள். போன வாரம் விழுந்து முழங்கால் சிராய்த்தவர் இந்த வாரம் இன்னொருத்தரின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சொந்த வண்டி வாங்க வழியில்லாத ஒரு பள்ளி ஆசிரியை தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டியதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த அரை மணி நேரம் மிகவும் பிடிக்கும். அவருக்கு அந்த நேரத்தில் போய்ச்சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. சும்மா ஓட்டுவதற்காக எடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் அவருடைய ஊரில் சும்மா எங்கேயாவது போன பெண் யாராவது இருந்திருப்பாளா?

பேச்சு கேட்காமல் இல்லை. ரோட்டில் ஆண்கள் ஆபாசமாகப் பேசினார்கள், கேலி செய்தார்கள். ஒருத்தி தனியாகப் போனால் அந்தக் கேலி முழுவதும் அவள்மேல் விழும். பத்துப் பேர் போனால் பத்தில் ஒரு பங்கு. நூறு பேர் போகும்போது கேலி செய்கிறவன்தான் தனியாள். 1992ல் சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலம் வந்தார்கள். அதை வெறும் கொண்டாட்டமாகப் படிக்கக் கூடாது. மறுநாள் ஒருத்தி தன் கிராமத்தில் தனியாக சைக்கிள் எடுப்பதற்கான முன்னேற்பாடு அது. "நேத்து 1,500 பேர் போனாங்க, இன்னிக்கு நான் போறேன்." அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு இயக்கத்தின் கீதம் மாதிரி ஆகிவிட்டதும் இதே காரணத்தால்தான். சேர்ந்து பாடின பாட்டு, தனியாகப் போகும்போதும் கூட வரும்.

சாய்நாத் தரும் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் பொது இடத்தில் நடந்த போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள். உள்ளூர் சைக்கிள் கடையொன்றில் லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருடத்தில் 350 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதுவும் குறைச்சலான கணக்காகவே இருக்க வேண்டும். லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், காத்திருக்கப் பொறுமையில்லாமல் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். வேறொரு காரணமும் இருந்தது: அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். தாவணிக்கும் சேலைக்கும் ஏற்றது லேடீஸ் சைக்கிள் என்று யாரோ வடிவமைத்து வைத்திருக்க, இந்தப் பெண்கள் குழந்தையைக் கணக்கில் வைத்து வேறு வண்டியை எடுத்தார்கள். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு வந்ததும் அதே காலகட்டத்தில்தான். வண்டி, கடன், குத்தகை, எழுத்து எல்லாம் ஒரே கயிற்றின் இழைகள். சைக்கிளை மட்டும் தனியாக உருவிப் பார்த்தால் கதை அழகாக இருக்கும், ஆனால் புரியாது.

அன்றாட மாற்றம் என்று பார்த்தால் ரொம்பச் சின்னச் சின்ன விஷயங்கள். கேரியரில் தண்ணீர்க் குடம். விளைந்ததை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்காக நிற்காமல் நாலு கிராமம் சுற்றி விற்றுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்புதல். அப்பா, அண்ணன், புருஷன், மகன் என்று யாரையும் கெஞ்சாமல் இருத்தல். சாய்நாத்தின் இந்தக் கட்டுரை 1996ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் இருக்கிறது. இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு வட இந்திய எட்டாம் வகுப்புப் பாடநூலிலும் இருந்தது. பாட்னாவிலும் ஜெய்ப்பூரிலும் படித்த பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டைப் பெண்களைத் தெரியும். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சைக்கிள் பெண்ணை விடுதலை செய்தது என்று 1896லேயே அமெரிக்காவில் சூசன் பி. ஆண்டனி சொல்லிவிட்டார். அதே அமெரிக்காவில், அதே பத்தாண்டுகளில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். 1880ல் தொடங்கிய அமெரிக்க சைக்கிளோட்டிகள் சங்கம் நல்ல சாலைகளுக்காகப் போராடியது, உறுப்பினர்களுக்குத் துணை நின்றது. 1894ல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. பாஸ்டனைச் சேர்ந்த கிட்டி நாக்ஸ் என்ற கறுப்பினத் தையல்காரி, தானே தைத்த சைக்கிள் உடையில் 1895ல் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனபோது அது பெரிய செய்தியாயிற்று. அந்த விதியை முறைப்படி நீக்க 1999 வரை ஆனது. வண்டி எல்லோருக்கும் ஒரே வண்டிதான். கேரியரைப் பிடிக்கும் கை யாருக்கு நீளும் என்பதைச் சங்கம் முடிவு செய்தது.

நம் ஊரில் அந்தக் கையை அரசாங்கமே ஓரளவு நீட்டிப் பார்த்தது. தமிழ்நாட்டில் 2001ல் பட்டியல் சாதி, பழங்குடி மேல்நிலை மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தொடங்கி, சில ஆண்டுகளில் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. 2006ல் பீகாரும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் செய்தது. பீகார் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். என்னை நிறுத்தியது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: ஒரே நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் வண்டி கிடைத்ததால் அவர்கள் கூட்டமாகப் போனார்கள்; கூட்டமாகப் போனதால் பாதுகாப்பு இருந்தது. பொருளாதாரப் பத்திரிகை மொழியில் சொன்னாலும் அது புதுக்கோட்டை ஊர்வலம்தான்.

இப்போது மாடம்பாக்கம். நான் இங்கேதான் குடியிருக்கிறேன், வாரக் கடைசியில் ஒரு சைக்கிள் குழுவோடு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வரைக்கும் போகிறேன். எங்களில் சிலர் ப்ரெவே என்கிற நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போகிறவர்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கணும். 1891ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தின் வழிவந்த விளையாட்டு இது. அதில் ஒரு அருமையான விதி உண்டு. வழியில் வெளியாள் யாரும் உதவக் கூடாது, கார் பின்னால் வரக் கூடாது. ஆனால் கூட ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாம். பஞ்சர் ஆனால் முன்பின் தெரியாத ஆள் நின்று ட்யூப் தருவார். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும்போது பக்கத்தில் ஒருவர் சும்மா பேசிக்கொண்டே வருவார். எங்கள் சின்னக் குழுவிலும் கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் ஒருவர் மெதுவாக வரவேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்கள் கிளம்பும்போது எதிரே சைக்கிள்கள் வரும். ராத்திரி டியூட்டி முடித்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள், கட்டட வேலைக்குப் போகிற ஒடிசா, பீகார் பையன்கள், வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள். வாரத்துக்கு ஆறு, ஏழு நாள் மிதிக்கிறவர்கள். எங்களில் யாரைவிடவும் வருடத்துக்கு அதிக கிலோமீட்டர் போகிறவர்கள். 'சைக்கிளிஸ்ட்' என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஹெல்மெட் கிடையாது, பின்விளக்கு கிடையாது. வேளச்சேரி சாலையில் லாரிகளுக்கு நடுவில் போவார்கள். பின்னால் மெதுவாக வருவதற்கு ஆள் இல்லை. 2014ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையை ஏற்றது. அந்தக் கொள்கை ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் மிதித்து வந்ததாகத் தெரியவில்லை.

குழுவில் ஒருவர் பின்விளக்கு யோசனையைச் சொன்னார். மொத்தமாக வாங்கினால் விலை ரொம்பக் குறைவு. பதினாறு கட்டைவிரல்கள் வந்தன, ஏழு பேர் பணம் அனுப்பினார்கள், முதல் பெட்டி வந்துவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. ரோட்டில் நிறுத்திக் கொடுத்தால் அது தானம் மாதிரி இருக்கும், போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார், அந்த மனுஷர் நம்மை என்னவென்று நினைப்பார்? கடைசியில் அதிகம் பேசாத ஓர் அக்கா, பஞ்சர் கடையில் கொடுத்துவிடலாம் என்றார். சைக்கிள் ட்யூப் இன்னும் வைத்திருக்கிற கடை இந்தப் பக்கம் ஒன்றிரண்டுதான். இவர்கள் எல்லோரும் காற்றடிக்க அங்கேதான் நிற்பார்கள். யாருக்கு எந்த வண்டி, யார் ராத்திரி வேலை, யாரிடம் விளக்கு இல்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். பெட்டியை அவரிடம் கொண்டுபோய் வைத்தோம். அவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "க்ளாம்ப் இந்த ராடுக்குப் பத்தாது தம்பி, பழைய ட்யூபை வெட்டிச் சுத்திக் கட்டணும், நான் கட்டித் தர்றேன்" என்றார்.