விமான எஞ்சினைக் காத்த காற்றும் எண்ணெயும்

ஆகாய விமானத்தின் வரலாற்றைக் கூறுவோர் அதன் சிறகுகளைப் பற்றியும் அதைச் செலுத்திய வீரர்களைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுவர். விமானத்தைத் தாங்குவது சிறகு, இழுத்துச் செல்வது எஞ்சின் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த எஞ்சின் தன் வெப்பத்தால் தானே அழிந்துவிடாமல் காப்பது எது? இவ்வினாவுக்கு நிறைவான விடை காண மனிதன் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பாடுபட்டான். அம்முயற்சியின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பிஸ்டன் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் எரிகிறது. அப்போது எழும் வெப்பம் 2,000 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. உருளையின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பயனுள்ள வேலையாக மாறுகிறது. மிகுதியில் பெரும்பகுதி புகையோடு வெளியேற, மற்றொரு பகுதி உலோகத்துக்குள் பாய்கிறது. அதைக் கணந்தோறும் வெளியேற்றியாக வேண்டும். இத்துடன் பிஸ்டன் உருளைச் சுவரில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உராய்கிறது. உலோகமும் உலோகமும் நேரே தொடாதபடி இடையே நிற்பது மசகு எண்ணெயின் மெல்லிய படலமே. காற்றோ நீரோ எட்ட முடியாத பிஸ்டனின் அடிப்புறத்திலிருந்தும் சுழல்தண்டின் தாங்கிகளிலிருந்தும் வெப்பத்தை வாங்கிச் செல்வதும் அந்த எண்ணெய்தான்.

மோட்டார் வண்டியின் எஞ்சின் சூடேறினால் வழியோர மரநிழலில் நிறுத்தி ஆறவிடலாம். ஆகாயத்தில் வழியோரம் என்பது இல்லை. அன்றியும் குளிர்விக்கும் சாதனத்தின் ஒவ்வொரு பவுண்டு எடையையும் விமானமே சுமக்க வேண்டும். இவ்விரண்டு நெருக்கடிகளுக்கும் இடையே பிறந்ததுதான் விமான எஞ்சின்.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தபோது அவர்களுடைய எஞ்சின் நீரால் குளிர்விக்கப்பட்டது. அவர்களிடம் பணிபுரிந்த சார்லஸ் டெய்லர் என்னும் தொழிலாளி அதனைச் செய்து கொடுத்தார். இயக்கியவுடன் சுமார் 16 குதிரைச் சக்தியைத் தந்த அந்த எஞ்சின், சூடேறியதும் 12-க்கு இறங்கிவிட்டது. வெப்பத்தைச் சமாளிக்காவிட்டால் ஆற்றலும் நிலைக்காது என்ற பாடம் முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. அன்று அவர்கள் பறந்த மிக நீண்ட பயணம் 59 விநாடிதான்; ஆகையால் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பிரெஞ்சு வீரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அவரது விமானத்தில் இருந்தது மூன்று உருளைகள் கொண்ட அன்சானி எஞ்சின். அது காற்றினால் மட்டுமே குளிர்வது. விரைவில் சூடேறிவிடும் இயல்புடையது. வழியில் பெய்த மழைத் தூறலே அதைக் குளிர்வித்துக் கரைசேர்த்தது என்று கூறுவதுண்டு. எஞ்சினைக் காக்க மழையை நம்பியிருக்க முடியுமா? வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அவ்வாண்டுகளிலேயே பிரான்ஸில் செகான் சகோதரர்கள் ஒரு புதுமையான வழியைக் கண்டனர். அவர்கள் ஆக்கிய ‘நோம்’ எஞ்சினில் சுழல்தண்டு அசையாது நிற்கும். உருளைகள் அனைத்தும் சுழல்விசிறியோடு சேர்ந்து சுற்றும். சுற்றும் வேகத்தில் காற்று உருளைகளின் மேல் பாய்ந்து வெப்பத்தைக் கவர்ந்து சென்றது. நீரும் வேண்டா, ரேடியேட்டரும் வேண்டா, எடையும் குறைவு. ஆனால் இவ்வெஞ்சினில் பெட்ரோல் கலவை, எண்ணெய் இருக்கும் நடு அறையின் வழியாகவே உருளைகளுக்குச் சென்றது. சாதாரணக் கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துக் கழுவிவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் எது என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை நம் இல்லங்களில் யாவரும் அறிந்த ஆமணக்கு எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய்! முதல் உலகப் போரில் இவ்வகை எஞ்சின்கள் பூட்டிய போர் விமானங்கள் ஏராளமாகப் பறந்தன. அவற்றில் எண்ணெய் திரும்பி வந்து சேர்வதில்லை. வேலை முடிந்ததும் புகையோடு வெளியே சிதறிவிடும். விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் அது படிந்தது. அவர் அதைச் சுவாசித்தார், விழுங்கவும் செய்தார். விளக்கெண்ணெய் வயிற்றில் என்ன செய்யும் என்பதை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணெயின் தேவை எவ்வளவு பெருகியது என்றால், 1918-இல் அமெரிக்க அரசு புளோரிடா முதலிய தென் மாநிலங்களில் ஆமணக்கைப் பெரும் பரப்பில் பயிரிட ஏற்பாடு செய்தது.

சுற்றும் எஞ்சினுக்கும் ஓர் எல்லை இருந்தது. அதைப் பெரிதாக்கினால் சுழலும் பளுவே விமானத்தைத் திருப்ப இடையூறாயிற்று. ஆகவே உருளைகளை அசையாமல் நிறுத்தி, பறக்கும்போது எதிர்வரும் காற்றைக் கொண்டே அவற்றைக் குளிர்விக்க முடியுமா என்று அறிஞர் ஆராயலாயினர். இங்கிலாந்தில் பார்ன்பரோவிலிருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் கிப்ஸன் என்ற பேராசிரியரும் சாமுவேல் ஹெரன் என்ற பொறியியலாரும் முதல் உலகப் போரின்போது இவ்வாராய்ச்சியை நடத்தினர். வெப்பம் எங்கே மிகுதியாகத் தேங்குகிறது, உருளையைச் சுற்றி எத்தனை மெல்லிய தகடுகள் இருந்தால் அது விரைவில் வெளியேறும் என்பனவற்றை அவர்கள் அளந்து கண்டனர். ஹெரன் பின்னர் அமெரிக்கா சென்றார். புகை வெளியேறும் வால்வு எஞ்சினிலேயே மிகக் கடுமையாகச் சூடாகும் உறுப்பு. அதன் தண்டைக் குடைந்து உள்ளே சோடியத்தை அடைத்தால், அது உருகி மேலும் கீழும் குலுங்கி வெப்பத்தைக் கடத்திவிடும். இந்த அருமையான முறையை வளர்த்த பெருமை ஹெரனுக்கு உரியது.

இவ்வாராய்ச்சியின் பயனை உலகம் 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டது. சார்லஸ் லிண்ட்பர்க் தன்னந்தனியாக நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் இடைவிடாது பறந்தார். அவரது ‘ரைட் வேர்ல்விண்ட்’ எஞ்சினில் ஒன்பது உருளைகள். அனைத்தும் காற்றினால் குளிர்வன. அப்பயணத்தில் அவ்வுருளைகளுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை நெருப்பு எழுந்து அடங்கியிருக்கும். அவ்வளவையும் கடலுக்கு மேலே வீசிய காற்றும் உள்ளே ஓடிய எண்ணெயும் தாங்கிக்கொண்டன.

ஆயினும் வெளியே துருத்தி நிற்கும் உருளைகள் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன. 1928-இல் அமெரிக்க அரசின் விமான ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய பிரெட் வீக்கும் அவர் தோழர்களும் எஞ்சினைச் சுற்றி ஓர் உறை அமைத்தனர். மூடினால் சூடேறும் என்பதுதான் எவருக்கும் தோன்றும் எண்ணம். அவர்களோ, காற்றை வேண்டிய இடத்தில் மட்டும் செலுத்தினால் குறைந்த காற்றே போதும் என்று காட்டினர். அவ்வுறை பூண்ட ஒரு விமானத்தின் வேகம், அதே எஞ்சினைக் கொண்டு, மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது.

நீரால் குளிர்விக்கும் முறையும் பின்தங்கிவிடவில்லை. 1931-இல் மணிக்கு 407 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து உலக சாதனை புரிந்த ஆங்கிலேயரின் ‘சூப்பர்மரீன் எஸ்.6பி’ விமானத்தில் சிறகுகளின் மேற்பரப்பும் மிதவைகளின் மேற்பரப்பும் ரேடியேட்டராகவே அமைந்திருந்தன. எண்ணெய் உடற்பகுதியின் பக்கங்கள் வழியே ஓடிக் குளிர்ந்தது. பின்னர் 197 பாகையில் கொதிக்கும் கிளைக்கால் என்னும் திரவம் பயன்படலாயிற்று. அது மிகுந்த சூட்டையும் கொதிக்காமல் தாங்குவதால் சிறிய ரேடியேட்டரே போதுமானது.

எண்ணெயின் அருமையை உணர்த்த 1935-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றே போதும். ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தபாலுடன் புறப்பட்ட ‘சதர்ன் கிராஸ்’ என்ற மூன்று எஞ்சின் விமானத்தைக் கிங்ஸ்போர்டு ஸ்மித் செலுத்தினார். நடு எஞ்சினின் புகைக்குழாய்த் துண்டு ஒன்று உடைந்து வலப்புறச் சுழல்விசிறியைச் சிதைத்தது. அந்த எஞ்சினை நிறுத்த நேர்ந்தது. சிறிது நேரத்தில் இடப்புற எஞ்சினில் எண்ணெய் தீரத் தொடங்கியது. அதுவும் நின்றால் மூவருக்கும் கடலே கதி. உடன் சென்ற பி. ஜி. டெய்லர் விமானத்தைவிட்டு வெளியேறி, கடுங்காற்றில் ஒரு தாங்குசட்டத்தின் மேல் கால்வைத்து நகர்ந்து, நின்றுவிட்ட எஞ்சினிலிருந்து தெர்மாஸ் குடுவையின் உறையில் எண்ணெயைப் பிடித்தார். கம்பியில்லாத் தந்தியாளர் ஸ்டானேஜ் துணைபுரிய, அதை மறுபுறம் கொண்டு சென்று இடப்புற எஞ்சினில் ஊற்றினார். ஒரு முறையன்று, ஆறு முறை! விமானம் சிட்னிக்குத் திரும்பிப் பத்திரமாக இறங்கியது. மூன்று உயிர்களின் விலை அன்று சில குவளை எண்ணெயாக இருந்தது.

பத்து ஆண்டுகளுக்குள் இன்னொரு சோதனை நம் நாட்டின் வெயிலிலேயே நேர்ந்தது. 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கரின் ‘பி-29’ குண்டு விமானங்கள் அன்றைய பிரிவினைபடாத இந்தியாவுக்கு வந்தன. வங்காளத்துக் கரக்பூர் அவற்றின் தலைமைத் தளம். வரும் வழியில் கராச்சியின் கடும் வெப்பத்தில் சில விமானங்கள் எஞ்சின் அளவு மீறிச் சூடேறி விபத்துக்குள்ளாயின, பயணம் நிறுத்திவைக்கப்பட்டது. இரு வரிசையாக 18 உருளைகள் கொண்ட எஞ்சினில் பின்வரிசைக்குக் காற்று போதவில்லை. காற்றைத் திருப்பும் தகடுகளைத் திருத்தியும், மேற்புற உருளைகளின் வால்வுகளுக்கு மிகுந்த எண்ணெய் செல்லப் புதுக்குழாய் அமைத்தும் அக்குறையைக் குறைத்தனர். பழைய பாடமே பெரிய அளவில் திரும்பி வந்தது.

இப்போது பெரும் பயணிகள் விமானங்களை ஜெட் எஞ்சின்கள் இயக்குகின்றன. ஆயினும் விமானம் ஓட்டக் கற்கும் மாணவர் பலர் முதலில் ஏறுவது காற்றினால் குளிரும் பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானத்திலேதான். புறப்படுமுன் அளவுக்குச்சியை எடுத்து எண்ணெயின் அளவைப் பார்ப்பது அவருக்குக் கற்பிக்கப்படும் முதற் கடமைகளுள் ஒன்று. அது வெறும் சடங்கன்று. ஆற்றலைப் பெருக்குவது எளிது. அவ்வாற்றல் தன்னையே எரித்துவிடாமல் காப்பதே அரிது என்பதை உயிரைக் கொடுத்தும் உழைத்தும் அறிந்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை அது.