சோளகக் காலத்தில் நோயாளர்: நெடுந்தீவை முன்வைத்து

நெடுந்தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆதலால் அங்கு மருத்துவ வசதியும் இருக்கிறது என்று நிர்வாகக் கணக்கு முடிவு கட்டிவிடுகிறது. பெரிய சத்திரசிகிச்சை வேண்டிய ஒருவரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் கொண்டுவந்து குறிகட்டுவானில் இறக்கி, புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணம் சேர்க்கவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரத்தையும் நம்பமுடியாது. நான் இருக்கும் நுகேகொடையிலிருந்து களுபோவிலை போதனா வைத்தியசாலைக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். கட்டிலையும் கட்டடத்தையும் எண்ணும் அளவுகோல் இவ்விரு ஊர்களுக்கும் பொருந்தாது. தீவிலேயே தங்கும் வைத்தியர், எந்த வேளையிலும் கிடைக்கும் கடற்பயணம் ஆகிய இரண்டையும் வைத்தே தீவகத்தின் மருத்துவ வசதியை மதிப்பிடவேண்டும் என்பது என் வாதம்.

இவற்றில் முதலாவதன் அருமையை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிஷன் வைத்தியர், அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணி தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்களை அரசாங்க உத்தியோகம் வெளியூர்களுக்கு இழுத்துக்கொண்டது. 1864 முதல் அவர் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இதை மொழித்தொண்டு என்றே நாம் போற்றிவருகிறோம். தமிழில் கற்றவர் ஊரை விட்டுப் போகமாட்டார் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் இருந்தது. அவருடைய கலைச்சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எதிர்பார்ப்பே முன்னால் நிற்கிறது.

ஊரில் இருக்கும் ஒருவரின் பயிற்சி எவ்வளவு செய்யும் என்பதற்கு ஸ்கொட்லாந்தின் செயின்ற் கில்டா தீவு சான்று. அங்கே பிறந்த சிசுக்களில் பெரும்பங்கை ஏற்புவலி கொன்றுகொண்டிருந்தது. 1890களில் அங்கிருந்த போதகர் அங்கஸ் ஃபிடெஸ், தொப்புள்கொடியைக் கிருமி அண்டாமல் பேணும் முறையைக் கற்றுவந்து புகுத்தினார், சாவுகள் நின்றன.

ஆனால் மொழியும் பயிற்சியும் வைத்தியரின் அடுப்பை எரிக்கா. சனம் குறைந்த தீவில் கட்டணத்தை நம்பி எவரும் நிலைக்கமுடியாது. ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் மருத்துவ வசதியை ஆராய்ந்த டூவர் குழு 1912இல் இதை அறிக்கையாக்கியது. மறு ஆண்டு தொடங்கிய மேட்டுநில, தீவுகள் மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 42,000 பவுண் ஒதுக்கப்பட்டது. வைத்தியருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதியாயிற்று. பயணச் செலவை அரசு ஏற்றதால், தொலைவில் பிறந்த குற்றத்துக்காக நோயாளி கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டில் சிகிச்சை இலவசம். ஆயினும் பேறுகாலம் நெருங்குமுன்பே நெடுந்தீவுப் பெண்கள் கடல் கடந்து உறவினர் வீடுகளில் தங்குவது வழக்கமாயிருக்கிறது. அந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு, துணைக்குப் போனவர் இழந்த கூலி, தீவில் விட்டுவந்த பிள்ளைகளின் பராமரிப்பு இவையெல்லாம் அந்த வீட்டின் தலையில்தான் விழுகின்றன. இவையும் மருத்துவச் செலவுகளே. கடலை அரசு கடக்காதபடியால் தாய் கடக்கிறாள்.

அவசர வேளைகளில் கடற்படைப் படகுகள் உதவியிருப்பதை நன்றியுடன் நினைக்கிறேன். எனினும் நோயாளர் காவு படகும், அதன் ஓட்டியும், எரிபொருளும், இரவில் உடன்செல்லும் தாதியும் சுகாதாரத் திணைக்களத்தின் நிரந்தரப் பொறுப்பில் இருக்கவேண்டும். தீவு வைத்தியசாலையில் நோயாளியை மாற்ற முடிவெடுத்த நேரத்தையும், அவர் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தை அடைந்த நேரத்தையும் மாதவாரியாகப் பதிவதிலிருந்து இதைத் தொடங்கலாம். சோளக மாதங்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும்.