அட்டையில் ராகம் இருக்கு, பாட்டு எங்கே?

பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு அசைன்மென்ட். இசைப் பத்திரிகைக்கு முன்னட்டை தயார் பண்ணணும். மேலே பெரிசா பெயர், நடுவில் நம்மையே பார்க்கும் பாடகர் முகம், ஓரத்தில் உள்ளே என்ன இருக்குன்னு நாலு வரி. இதுதான் இலக்கணமாம். "எங்க ஊர்ல 500 வருஷம் முன்னாடியே இருக்கு"ன்னு சொன்னேன். சிரிச்சா.

முழுக்கப் புருடா இல்லீங்க. எங்க ஊர் சித்தூர். திருப்பதியும் 2022 வரை எங்க மாவட்டம்தான். திருமலைக் கோயிலில் அன்னமாச்சாரியார் (1408-1503) குடும்பத்தார் பாட்டுகளைச் செப்பேடுகளில் வெட்டி ஒரு சின்ன அறையில் வைத்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட ஏடுகள். அறை வாசலின் இருபுறமும் அவரும் மகனும் சிலையாக. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகத்தின் பெயர். முகம், தலைப்பு எல்லாம் ஆச்சா?

ஆனா ஸ்வரம் எழுதலை. 20ஆம் நூற்றாண்டில் ஏடுகளைப் படித்தபோது பெரும்பாலான பாட்டுக்கு மெட்டு தெரியலை. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் புதுசா மெட்டுப் போட்டார்கள். லெட்ஜரில் பெயர் இருக்கு, தொகை இல்லை என்கிற கதை.

எங்க அம்மா பேசினது தமிழ், எழுதப் படிச்சது தெலுங்கு. அவங்க பாடின கேசட் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அட்டையில் பாட்டும் ராகமும் வரிசையா, அவங்க கையெழுத்தில். நாடா பூஞ்சை பிடிச்சு ஓடலை.

பெண் அந்த அட்டையை ஸ்கேன் பண்ணி, முகம் வர வேண்டிய இடத்தில் வைத்தாள். "பாட்டி எப்படிப் பாடுவாங்க, பாடிக் காட்டுப்பா" என்றாள். எனக்குப் பல்லவி மட்டும்தான் வந்தது.

ஊரில் பாடுற பெரியவங்க இருந்தா, இன்னிக்கே போன் போட்டுப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணிடுங்க.