இரவில் ஏற்றிய வெப்பம்: பிரிட்டனின் சேமிப்புக் கணப்புகள்

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்துவைக்க வழியில்லாத காலத்தில், மின்நிலையங்களுக்கான செலவைப் பெரிதும் நிர்ணயித்தது உச்சத் தேவை, அதாவது எல்லாரும் ஒரே வேளையில் கேட்கும் மின்சாரத்தின் அளவு. கடுங்குளிரும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்து வாட்டிய 1947 பிப்ரவரியில், எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல் இங்கிலாந்தின் பல பகுதிகளில் வீட்டு மின்சாரத்தை நாளுக்கு ஐந்து மணி நேரம் நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு மின்துறை நாட்டுடைமையானதும், உச்சத் தேவையை ஆராய்ந்த க்ளோ குழுவின் பரிந்துரைப்படி குளிர்காலக் கட்டணத்தை உயர்த்தி மக்களை மின்கணப்பிலிருந்து விலக்க முயன்றார்கள்; எதிர்ப்புக்கு அஞ்சி, ஒரே குளிர்காலத்தோடு அதைக் கைவிட்டார்கள்.

தண்டனை பலிக்காத இடத்தில் சலுகை பலித்தது. நிலக்கரி மின்நிலையத்தின் கொதிகலனை நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாதாகையால், இரவில் தேவை சரிந்தபோது பெருந்திறன் வீணே கிடந்தது. அதை மலிவாக விற்கவே, 1960களில் சேமிப்புக் கணப்புகள் பரவலாக விற்கப்பட்டன. இரவு மின்சாரத்தால் கனத்த செங்கற்களைச் சூடேற்றி, காப்புறைக்குள் காத்து, பகலில் சிறிது சிறிதாக வெப்பத்தை வெளிவிடும் பெட்டி அது. புகையில்லா எரிபொருளை வலியுறுத்திய 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் அதற்குத் துணைநின்றது. 1978 அக்டோபரில் அறிமுகமான ‘எகானமி 7’ என்னும் கட்டணம், இரவில் ஏழு மணி நேர மலிவு மின்சாரத்தை நாடெங்கும் பொதுவாக்கியது.

மின்வாரியங்களின் கணக்கு நேரானது; வீட்டாரின் கணக்கு அப்படியல்ல. பகல் முழுவதும் வீட்டிலிருந்த முதியோருக்குப் பெட்டி ஒத்துவந்தது. வேலைக்குப் போனவர்களுக்கோ, ஆளில்லாத காலையில் வீடு வெதுவெதுப்பாகவும் திரும்பிவந்த மாலையில் குளிர்ந்தும் இருந்தது. நாளை எவ்வளவு குளிரும் என்பதை முந்தின இரவே ஊகித்துத் திருகியைத் திருப்பவேண்டியிருந்ததால், வானிலை ஆய்வாளரின் வேலை குடும்பத்தின் தலையில் விழுந்தது என்றே சொல்லலாம். வடகடல் எரிவாயு குழாய்வழி வந்ததும் வசதி உள்ளவர்கள் அதற்கு மாறினார்கள். குழாய் எட்டாத கிராமங்களிலும் அடுக்ககங்களிலுமே பெட்டிகள் பெரிதும் எஞ்சின.

1980களில் பிபிசி நெடுஅலை ஒலிபரப்போடு, காதுக்குக் கேட்காத குறிப்பலையைச் சேர்த்து அனுப்பி, மீட்டர்களைப் பகல், இரவுக் கட்டணங்களுக்கிடையே தொலைவிலிருந்தே மாற்றும் முறை வந்தது. மின்சுமையை நகர்த்தும் திறமை இதனால் வளர்ந்தது. மாலைக் குளிருக்கு விடை கிடைக்கவில்லை. பழைய ஒலிபரப்புக் கருவிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இச்சேவை படிப்படியாக மூடப்படத் தொடங்கியது.