சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை: மின்னஞ்சல் வடிகட்டிகளின் வரலாறு

மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்னும் நெறிமுறையை 1982 ஆகஸ்டில் வெளியிட்ட ஜான் போஸ்டல், அதில் ஒரு கடப்பாட்டையும் வைத்தார்: ஓர் அஞ்சலைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பிய சர்வர் அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும், இயலாதபோது அனுப்பியவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். முறையான அஞ்சல்கள் ஸ்பேம், அதாவது கேளாமல் வந்து குவியும் வேண்டா அஞ்சல், எனத் தவறாக முத்திரை குத்தப்படுவதன் வரலாறு, பெரும்பாலும் இந்தக் கடப்பாடு சிறுகச் சிறுகக் கைவிடப்பட்ட வரலாறேயாகும்.

வேண்டாத செய்தியை மறுக்கக் கணினிக்கு வழியில்லை என்று போஸ்டல் 1975-லேயே ஒரு குறிப்பில் சுட்டியிருந்தார். 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளரான கேரி துர்க், புதிய கணினிகளை விளம்பரப்படுத்தி, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். 1990-களில் இத்தகைய விளம்பரங்கள் பெருவெள்ளமானபோது, ஸ்பேம் புறப்படும் சர்வர்களின் எண்முகவரிகளைத் தொகுத்துத் தடைப்பட்டியல் வெளியிடும் முயற்சியை பால் விக்ஸி முன்னெடுத்தார். அஞ்சலைப் படிக்காமல் அது புறப்பட்ட இடத்தை மட்டுமே இம்முறை பார்த்ததால், அதே சர்வரைப் பயன்படுத்திய குற்றமற்றவர்களின் கடிதங்களும் சேர்ந்தே தடுக்கப்பட்டன. ஆயினும் மறுப்பு வாசலிலேயே நிகழ்ந்ததால், தம் கடிதம் சேரவில்லை என்பதை அனுப்பியவர் அறிந்துகொண்டார். அது சிறிய நன்மையன்று.

அடுத்து வந்தவை உள்ளடக்கத்தைப் படிக்கும் வடிகட்டிகள். ஒவ்வொரு சொல்லும் ஸ்பேமில் எத்தனை முறை, நல்ல அஞ்சலில் எத்தனை முறை வருகிறது என்பதைக் கொண்டு நிகழ்தகவைக் கணிக்கும் முறையை, 1998-இல் மெஹ்ரான் சஹாமியும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்தனர். நல்ல கடிதத்தை இழப்பதே பெரிய கேடு என்று கருதிய அவர்கள், 99.9 விழுக்காடு உறுதி இருந்தால் மட்டுமே ஓர் அஞ்சலை ஒதுக்க வேண்டும் என வரம்பிட்டனர். 2002-இல் இம்முறையைப் பரவலாக்கிய பால் கிரஹாமும், நல்ல அஞ்சலில் காணப்படும் சொற்களின் எண்ணிக்கையை இரட்டித்துக் கணக்கிட்டு, ஐயத்தின் பலனை அனுப்பியவருக்கே அளித்தார். தொடக்ககால வடிவமைப்பாளர்களிடம் இருந்த இந்த அறவுணர்வு போற்றத்தக்கது.

ஆனால் விதிகள் பெருகியபோது நல்ல நோக்கம் மட்டும் போதவில்லை. ஸ்பேம் அசாசின் என்னும் மென்பொருள் நூற்றுக்கணக்கான விதிகளால் அஞ்சலைச் சோதித்து, பொருந்தும் ஒவ்வொரு விதிக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் அதை ஸ்பேம் என அறிவிக்கும். தொலைதூர எதிர்கால ஆண்டைத் தேதியாகக் கொண்ட அஞ்சல் போலியாகவே இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி ஒன்று, 2010 முதல் 2099 வரையிலான எல்லா ஆண்டுகளையும் பிடித்தது. 2010 ஜனவரி 1 பிறந்ததும், சரியான தேதியிட்ட அஞ்சல் ஒவ்வொன்றும் அத்தேதிக்காகவே, அமைப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 2 முதல் 3.5 வரை தண்டனை மதிப்பெண் பெற்றது. வேறு ஓரிரு சிறு விதிகளிலும் சிக்கிய கடிதங்கள் வரம்பைக் கடந்துவிட்டன. பிழை முந்தைய ஆண்டிலேயே மேம்பாட்டுப் பதிப்பில் திருத்தப்பட்டிருந்தும், பயன்பாட்டிலிருந்த பதிப்புகளுக்கு அத்திருத்தம் சென்று சேரவில்லை.

அத்தகைய கடிதங்களை அனுப்பியவர்களுக்கு அறிவிப்பு செல்லாததற்கும் காரணம் உண்டு. ஸ்பேம் அனுப்புவோர் பிறர் முகவரியைப் போலியாக இட்டதால், திருப்பி அனுப்பிய அறிவிப்புகள் தொடர்பற்றவர்களின் அஞ்சல் பெட்டிகளை நிறைத்து, அவையே புதிய தொல்லையாயின. ஆகவே சர்வர்கள் அஞ்சலை ஏற்றுக்கொண்டு, மௌனமாகத் தனிக் கோப்புறையில் இடத் தொடங்கின. ஜிமெயிலில் அங்குள்ளவை 30 நாள்களில் தாமே அழிந்துவிடும். 2008-இல் திருத்தி வெளியிடப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை, ஓசையின்றி அஞ்சலைக் கைவிடுவது நெடுங்கால மரபுக்கு முரணான, மிக ஆபத்தான செயல் என எச்சரித்தபோதும், நடைமுறையில் அதற்கு இடமளித்தது.

அதன்பின் மெய்ப்பிக்கும் சுமை அனுப்புவோர் மீது ஏறியது. ஒருவருடைய பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர் எது என அறிவிக்கும் எஸ்பிஎஃப், அஞ்சலுக்கு மறையாக்கக் கையொப்பமிடும் டிகேஐஎம் போன்ற சான்றுகளை, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களோ அதற்கு மேலோ அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியது. அனுப்பியவர் யார் என்பதை இச்சான்றுகள் உறுதிசெய்யுமேயன்றி, அவருடைய கடிதம் வேண்டப்பட்டதா என்பதைச் சொல்லா. அதைத் திருத்திச் சொல்லக் கூடியவர் பெறுநர் ஒருவரே, அதற்கு அவர் அந்தக் கோப்புறையை 30 நாள்களுக்குள் திறந்து பார்த்தாக வேண்டும்.