பசுமைக்கும் ஓர் அளவுகோல்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்னும் சிற்றூர் உளது. இவ்வூர் வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1013) ஆணையிட்டான். பழைய சுவர்களை இடிக்குமுன் அவற்றிலுள்ள கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்தல் வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். அவ்வேட்டைக் கொண்டே, அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் (1026) அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. மாற்றம் செய்வோர், முன்பு இருந்தது யாதெனக் குறித்துவைத்தல் வேண்டும். நகரங்களின் பசுமையை அளக்கப் புகுவோர்க்கும் இதுவே முதற்பாடம்.

எதை அளப்பது என்பது அடுத்த வினா. அதற்கும் அக்காலமே விடை கூறுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைக் கூறும் கல்வெட்டுகள், ஊரின் மொத்த நிலத்தை முதலில் சொல்லி, குடியிருப்பு நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை இறையிலி நிலமாகக் கழித்துக் காட்டுகின்றன. அரசுக்கு வருவாய் தாராத நிலமும் கணக்கினின்று மறையவில்லை என்பது கருதத்தக்கது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டில் ஆசியாவின் 22 பெருநகரங்களை ஒப்பிட்டுப் பசுமை நகரக் குறியீடு ஒன்று வெளியாயிற்று. ஆற்றல், நிலம், போக்குவரத்து, கழிவு, நீர், துப்புரவு, காற்று, நிருவாகம் என்னும் 8 துறைகளில் நகரங்கள் ஆராயப்பட்டன. சிங்கப்பூர் முதன்மை பெற்றது. நம் நாட்டிலிருந்து டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகியவை இடம்பெற்றன, சென்னை இடம்பெறவில்லை.

வளர்ந்துவரும் நாடுகளை இவ்வாறு அளப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வறியவர் மின்சாரத்தையும் எண்ணெயையும் குறைவாகவே செலவிடுவர். ஆதலின் தலைக்கு இவ்வளவு புகை என்னும் கணக்கில் அவர்தம் நகரம் நற்பெயர் பெறும். அது வறுமையின் விளைவேயன்றிப் பசுமையின் விளைவன்று. குடிநீரும் கழிவுநீர் வாய்க்காலும் அனைவர்க்கும் கிட்டினவா என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டாலன்றி உண்மை விளங்காது.

மரங்களை அளப்பதிலும் இத்தகைய மயக்கம் நேர்வதுண்டு. இந்திய வன அளவைத் துறை 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் ஏழு பெருநகரங்களின் வனப்பரப்பைக் கணக்கிட்டது. சென்னையில் அது 22.70 சதுர கிலோமீட்டர். அஃதாவது நகர்ப்பரப்பில் நூற்றுக்கு 5 பங்கிற்குச் சற்று மேல். ஆயின், 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்கு 10 பங்கேனும் மரக்கவிகை இருப்பின், மரம் எவ்வினத்தது என்று பாராமலே அது வனப்பரப்பு எனப்படும். சீமைக் கருவேலமும் அதனுள் அடங்கும். தெருவோரத்துத் தனி வேம்பும் புங்கும் அடங்கா. பள்ளிக்கரணைச் சதுப்புநிலமோ, மழைவெள்ளத்தைத் தாங்கி, பறவைகளுக்குப் புகலிடமாய் விளங்குவது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. எனினும் மரக்கவிகையை மட்டும் எண்ணும் கணக்கில் அதற்கு இடமில்லை. கணக்கில் இல்லாத நிலத்தைக் காலிநிலம் என்றே உலகம் கருதும். குப்பையும் கட்டடமும் அங்கே எளிதிற் புகும். அச்சதுப்புநிலத்தின் பெரும்பகுதி அவ்வாறே அழிந்தது.

2008-இல் தோன்றிய சிங்கப்பூரின் நகர உயிர்வளக் குறியீடு வேறொரு வழியைக் காட்டுகின்றது. ஒரு நகரம் பிற நகரங்களோடு போட்டியிடாது, தன் பழைய நிலையோடு தன் இன்றைய நிலையை ஒப்பிட்டுக்கொள்ள அது துணைபுரிகின்றது. பொருள்வளம் குறைந்த நகரங்களுக்கு இவ்வழியே ஏற்புடைத்து. ஆனால், பழைய நிலையைக் குறித்துவைத்த ஏடு இன்றேல் எதனோடு ஒப்பிடுவது?

மாணவர்களே! அவ்வேட்டை நீங்களே தொடங்கலாம். உங்கள் தெருவில் நிழல் தரும் மரங்கள் எத்தனை, அவை எவ்வினம், குளத்தின் கரை எதுவரை, மழைநீர் எவ்வழிச் செல்கின்றது, ஏழையர் குடியிருப்புக்கும் இவை கிட்டுகின்றனவா என்று எழுதி, நாளும் ஆண்டும் குறித்துப் பள்ளியிற் சேமித்துவையுங்கள். நாளை ஒரு குளம் காணாமற்போனால், அஃது இருந்தது என்பதற்கு அந்த ஏடே சான்றாகும்.